மஞ்சள் பட்ட திரைச்சீலை

மாமி, சாமியறைத் திரைச்சீலையைக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டு இருக்கிறேன். சாமியறை என்று வாய் கூசாமல் சொல்கிறேன். அது கோட்டுத் தொங்கப் போடுகிற அலுமாரி என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியும். ரொறன்ரோ டோர்செட் பார்க்கில் இந்த அப்பார்ட்மென்டுக்குக் குடிவந்த கிழமையே அதன் கதவைக் கழற்றுவித்து, உள்ளே தட்டு அடிப்பித்து, பிள்ளையாரையும் முருகனையும் இருத்தி, முன்னால் இந்தப் பால் நிறச் சீலையைத் தொங்கவிட்டவர் நீங்கள்தான். கற்பூர மணம் இன்னும் போகவில்லை. கீழ் மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மஞ்சள் கறை. கறை எடுக்கிற மருந்துப் போத்தல் பக்கத்தில் இருக்கிறது. மூடியை நான் இன்னும் திறக்கவில்லை.

இந்தக் கறையைப் பற்றி உங்களோடு கதைக்க வேண்டும். கொஞ்சம் கோபமாகவும் கதைக்க வேண்டும். செத்தவர்களைக் கோபிக்கக் கூடாது என்பார்கள். இருந்த காலத்தில் நீங்கள் எனக்கு அதற்கு இடம் தரவில்லை, இப்போதாவது தாருங்கள்.

உங்கள் பேத்தி ஆரணி வேலை செய்கிற இடத்தில் ஒரு பெடியனை விரும்பிவிட்டாள். பெயர் நிரோஷன். நல்ல பிள்ளை. வீட்டுக்கு வந்தால் சாப்பிட்ட கோப்பையைத் தானே கழுவி வைப்பான். நீங்கள் இருந்திருந்தால் அதற்காகவே ஓம் என்றிருப்பீர்கள். எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் சாப்பாட்டு மேசையில், எங்கள் வழக்கப்படி, "உங்கட ஆக்கள் எந்த ஊர், அம்மாவின்ர தகப்பன் ஆர்" என்று கேட்கும் வரைக்கும். அவன் பெயரைச் சொன்னான். உங்கள் மகன் வாய்க்குக் கொண்டுபோன தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டார். நிரோஷன் எங்கள் மொன்றியல் பெரியவரின் மகள் சாந்தினியின் பிள்ளை.

மொன்றியல் பெரியவரை எங்கள் வீட்டில் யாருக்குத் தெரியாது? பொங்கலுக்குப் பொங்கல் அவர் போன் எடுப்பார். நீங்கள் கதிரையில் நிமிர்ந்து இருந்துகொண்டு, "ஓம் அண்ணை, இருக்கிறம் அண்ணை" என்று மரியாதையாகக் கதைப்பீர்கள். மாமாவின் தகப்பனோடு கூடப்பிறந்த சகோதரி நாகமுத்துவின் மகன் அவர். ஆகவே மாமாவுக்கு மச்சான். இதுதான் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு.

அந்தக் கணக்குத்தான் எங்களுக்கு வினையானது. அவர் மாமாவுக்கு மச்சான் என்றால், அவருடைய மகள் சாந்தினி உங்கள் மகனுக்கு மச்சாள். மச்சாளின் பிள்ளை உங்கள் மகனுக்கு மகன் முறை. மகன் என்றால் ஆரணிக்கு அண்ணன். போயும் போயும் இவ்வளவு பெரிய ரொறன்ரோவில் என் பிள்ளை அண்ணன் முறைக்காரனைத் தேடிப் பிடித்திருக்கிறாள்.

"அம்மா, ஆர் யூ சீரியஸ்? ஹி இஸ் நொட் மை பிரதர்" என்று அவள் கத்தினாள். பிறகு பயந்துபோய்த் தன் டொக்டரிடமும் கேட்டுவிட்டு வந்தாள். இவ்வளவு தூரத்து உறவால் பிள்ளைகுட்டிக்கு ஒன்றும் வராது என்று அவர் சிரித்தாராம். டொக்டருக்கு உடம்பு தெரியும். முறை தெரியாது. கல்யாண மண்டபத்தில் கடைசி வரிசையில் இருந்துகொண்டு, "தமையனுக்கே குடுத்திட்டினம்" என்று காதைக் கடிக்கப் போகிறவர்களை அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், ஏனென்றால் நானும் அந்த வரிசையில் இருந்தவள்தான்.

ஊர் வாயை உங்கள் மகன் போல நானும் ஒரு காதால் வாங்கி மற்றக் காதால் விட்டிருப்பேன். ஆனால் மறுத்தவர் மொன்றியல் பெரியவரின் மனைவி. நிரோஷனைச் சின்ன வயதில் மொன்றியலில் வைத்து வளர்த்தது அவர்தான். அவர் ஓம் என்னாமல் தான் தாலி கட்டமாட்டேன் என்று அவன் நிற்கிறான். சாந்தினி போனில் என்னிடம் அழாத குறையாகச் சொன்னாள்: "அக்கா, அம்மா அசையிறா இல்லை. முறை பிழை, முறை பிழை எண்டு ஒரே பிடியா நிக்கிறா. வாற ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஒருக்கா வாறம். முடிவா ஒண்டு கதைப்பம்." ஆரணி அறைக் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தாள். சாப்பாட்டுத் தட்டை வாசலில் வைத்துவிட்டு, எடுக்கிறாளா என்று காது கொடுத்துக்கொண்டு நான் நின்றேன்.

எனக்கு ஒரே ஒரு வழிதான் தெரிந்தது. நாகமுத்துவைக் கட்டிய மனிதர் யார்? கதிரேசு என்ற பெயரைத் தவிர அவரைப் பற்றி யாருக்கும் எதுவும் தெரியவில்லை. அவர் பக்கத்தால் ஏதாவது உறவு இருந்து, அது இந்த முறையை மாற்றாதா என்ற நப்பாசை. லண்டனில் இருக்கும் தவம் அண்ணை, மாமாவின் சித்தப்பா மகன், முறைக்கு எனக்கு மாமா என்றாலும் எல்லோருக்கும் அண்ணை, பென்சன் எடுத்த பிறகு கம்பியூட்டரில் எங்கள் வம்ச வரைபடம் கீறி எல்லோருக்கும் அனுப்பினாரே, நினைவிருக்கிறதா? நீங்கள் கண்ணாடியைப் போட்டு அதை ஒருமுறை பார்த்துவிட்டு, "நல்லாக் கீறியிருக்கிறான்" என்று மட்டும் சொல்லித் திருப்பித் தந்தீர்கள். அதில் நாகமுத்துவின் பெட்டிக்குப் பக்கத்துப் பெட்டி வெறுமையாகக் கிடந்தது. ஊரில் மாட்டுக்குப் பெயர் இருந்தாலும் எழுதியிருப்பார் தவம் அண்ணை. இந்தப் பெட்டியை மட்டும் விட்டுவிட்டார்.

கேட்காத ஆள் இல்லை மாமி. கல்யாண வீட்டில் கேட்டேன், செத்த வீட்டில் கேட்டேன், கெனடி ரோட்டு மரக்கறிக் கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டு நின்ற எங்கள் ஊர் அன்ரி ஒருவரை மறித்துக் கேட்டேன். "கதிரேசுவோ? ஆரோ பிற ஊர் ஆள் எண்டு கதை" என்றார். எந்த ஊர் என்றால் தெரியாது. எந்தக் கோயிலில் தாலி கட்டினது என்றால் தெரியாது. எங்கள் சனத்துக்கு நாலு தலைமுறைக்கு முந்தி யாருடைய காணிக்குள் யார் வேலியைத் தள்ளி அரக்கினார் என்று தெரியும். ஒரு மாப்பிள்ளை எந்த ஊரிலிருந்து வந்தார் என்று தெரியாதாம். அதிலேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். பயம் பிடித்த மூளைக்கு ஒன்றும் ஓடவில்லை.

அந்த நாட்களில் உங்கள் ஒரு சொல் என்னை விடாமல் துரத்தியது. நான் புது மருமகளாக வந்து, முதல் கல்யாண வீட்டில் யாரை என்னவென்று கூப்பிடுவது என்று தெரியாமல் முழித்தபோது காதுக்குள் சொன்னீர்களே: "ஆரெண்டு தெரியாட்டிச் சிரிச்சுப்போட்டு நில். முறை தெரிஞ்சா மட்டும் கூப்பிடு. கூப்பிட்டாப் பிறகு மாத்தேலாது பிள்ளை." சாந்தினி என்னை அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். நான் அவளை ஒன்றும் சொல்லிக் கூப்பிடவில்லை. "இஞ்ச பாருங்கோ", "கேட்டியளோ" என்று ஒப்பேற்றிக்கொண்டிருந்தேன்.

அவர்கள் வருவதற்கு முன் வீட்டைத் துப்புரவாக்கத் தொடங்கினேன். மனம் ஓடாதபோது கை ஓட வேண்டும் என்பது நீங்கள் பழக்கிய பழக்கம். கீழே லோண்டரி அறைக்குக் கொண்டுபோவதற்காக இந்தச் சீலையைக் கழற்றினேன். வெளிச்சத்தில் கறை தெரிந்தது. அதைப் பார்த்த இடத்திலேயே நிலத்தில் இருந்துவிட்டேன்.

மொன்றியல் பெரியவர் இறந்தது ஒரு பனிக்காலத் தொடக்கத்தில். உங்கள் மகன் செத்த வீட்டுக்குப் போய்வந்தார். நீங்கள் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த நாளிலிருந்து இந்தச் சீலை இழுத்து மூடியபடியே கிடந்தது.

"விளக்கு வைக்கேல்லையோ மாமி?" என்று கேட்டேன்.

"புகை வந்தா அடிக்கிற புகை மணியைப் பாக்கப் பில்டிங் ஆக்கள் வருகினமாம். உந்த அலுமாரிக்குள்ள இப்ப நெருப்பு வேண்டாம்."

புகை மணி பார்க்க ஒருவரும் வரவில்லை. ஆரணியின் பிறந்த நாளுக்கு றிச்மண்ட் ஹில் கோயிலில் அர்ச்சனை செய்வதாக இருந்தோம். "றோட்டெல்லாம் ஐஸ். சாமி ஒரு இடமும் ஓடிப்போகாது, பிறகு போகலாம்" என்று தடுத்தீர்கள். கீழ் மாடிப் பிள்ளை பெரியபிள்ளையான சாமத்தியச் சடங்குக்குக் கால் நோகிறது என்றீர்கள். என்னையும் போகவேண்டாம் என்றீர்கள். உங்கள் கால் நோவுக்கு நான் ஏன் வீட்டில் இருக்க வேண்டும் என்று எனக்குப் புகைந்தது. பிறகு, உங்கள் மகன் பெரியவரின் முப்பத்தோராம் நாள் கிரியைக்கு மொன்றியல் போயிருந்த அன்று, நீங்கள் விடியவே எழும்பி வீட்டுச் சீலை துணி அத்தனையையும் தோய்க்கப் போட்டீர்கள். தலை முழுகினீர்கள், என்னையும் முழுகச் சொன்னீர்கள். ஒரு கிண்ணத்தில் மஞ்சள் தண்ணீர் கரைத்து, மாவிலையால் மூலை முடுக்கெல்லாம் தெளித்தீர்கள். சாமியறை முன்னால் கிண்ணம் கை தவறிச் சரிந்து சீலையின் மூலையில் கொட்டுப்பட்டது. பிறகு விளக்கை ஏற்றினீர்கள்.

"புகை மணி, மாமி?" என்றேன் நக்கலாக.

"இனிப் பறவாயில்லை" என்றீர்கள்.

வயது போனால் இப்படித்தான் என்று நான் அதை அன்றே மறந்துவிட்டேன். இந்தக் கறையைப் பார்த்துக்கொண்டு நிலத்தில் இருந்தபோதுதான் நீங்கள் அந்த மாதம் முழுக்கச் செய்தது என்ன என்று விளங்கியது. சாவுத் தீட்டான துடக்கைக் காத்திருக்கிறீர்கள். எங்களையும் எங்களுக்குத் தெரியாமலே காக்க வைத்திருக்கிறீர்கள். சாவு விழுந்தால் தகப்பன் வழிச் சொந்தக்காரருக்குத்தான் முப்பத்தொரு நாள் துடக்கு. கோயில் இல்லை, விளக்கு இல்லை, நல்ல காரியம் இல்லை. கட்டிக்கொண்டு வந்த பெண்களுக்கும் புருஷன் வழித் துடக்குத்தான். அத்தை மகன் செத்தால், மச்சான் செத்தால், அது கிடையாது. கோயில் விசயத்தில் ஒரு நாளைக் கூடக் கூட்டிக் குறைக்காத நீங்கள், வெறும் மச்சானுக்காக ஒரு மாதம் பிள்ளையாரைப் பட்டினி போட்டிருக்க மாட்டீர்கள். அப்படியென்றால் அந்தப் பெரியவர் மாமாவின் தகப்பன் வழி ஆள். அப்படியென்றால் கதிரேசு?

அடுத்த நாள் வேலையில் மத்தியானச் சாப்பாட்டு நேரம், காருக்குள் இருந்து லண்டனுக்குப் போன் எடுத்தேன்.

"தவம் அண்ணை, மொன்றியல் பெரியவருக்கு மாமி முப்பத்தொரு நாளும் துடக்குக் காத்தவ."

பின்னால் ஓடிக்கொண்டிருந்த டிவியை அவர் நிறுத்தினார்.

"அவ காத்தவவோ?" என்றார் மெல்ல.

"கதிரேசு ஆர் அண்ணை?"

"உதுகளை இப்ப ஏன் பிள்ளை கிண்டுறாய்?"

"என்ர பிள்ளையின்ர கலியாணம் நிக்கப்போகுது அண்ணை."

அதற்குப் பிறகுதான் சொன்னார். "கதிரேசு எங்கட ஆள்தான். நாகமுத்துவின்ர தகப்பனும் கதிரேசுவின்ர தகப்பனும் கூடப்பிறந்ததுகள். ஒரு வளவுக்குள்ள, அண்ணை தங்கச்சி எண்டு கூப்பிட்டு வளந்த பிள்ளையள். பிறகு கட்டிப்போட்டுதுகள். எங்க, எப்ப எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. வன்னிப் பக்கம் போய்க் கைக்குழந்தையோட திரும்பி வந்ததுகள். பெத்த பிள்ளையைத் தள்ளேலாது எண்டு பெரியாக்கள் கூடி ஒரு முடிவெடுத்தவை. மனுசன் பிற ஊர் ஆள் எண்டு சொல்லுறது. உறவு கொண்டாடுறது நாகமுத்துவின்ர பக்கத்தால மட்டும். கதிரேசு செத்தபோது எங்கட பக்கத்தில ஒருத்தரும் துடக்குக் காக்கேல்லை. அந்தப் பெட்டியை நான் எப்பிடிப் பிள்ளை நிரப்பிறது?"

பெரியப்பா சித்தப்பா பிள்ளைகள். அத்தை மகனும் மாமன் மகளும் கட்டினால் ஊர் வாழை கட்டும். அண்ணன் தம்பியின் பிள்ளைகள் கட்டினால் பெயரையே அழித்துவிடும். காருக்குள் இருந்தபடி விரல் மடித்து எண்ணினேன். கதிரேசு மாமாவின் தகப்பனுக்குச் சகோதர முறை. அவர் வழியால் எண்ணினால் பெரியவர் மாமாவுக்குச் சகோதரம். அவருடைய மகள் சாந்தினி உங்கள் மகனுக்குத் தங்கச்சி. தங்கச்சியின் மகன் மருமகன். ஆரணிக்கு முறை மச்சான். திரும்பத் திரும்ப எண்ணினேன், சரியாகத்தான் வந்தது. அந்த இரண்டு பேரும் செய்யக்கூடாத கல்யாணம் செய்ததால்தான் என் பிள்ளை செய்யக்கூடிய கல்யாணம் ஒன்று இருக்கிறது. ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதேன்.

சந்தோசம் வீட்டுக்கு வந்து சேரும் வரைக்கும்கூட நிற்கவில்லை. இதை நான் எப்படிச் சொல்வது? சாந்தினியைப் பார்த்து, உன் அப்பப்பாவும் அப்பம்மாவும் அண்ணன் தங்கச்சி முறை என்று சொல்வதா? அந்த மொன்றியல் மனிசியிடம், உங்கள் புருஷனின் பிறப்பே ஊர் மறைத்த பிறப்பு என்று சொல்வதா? ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தைச் செய் என்பார்கள். எனக்கு வாய்த்தது ஒரே ஒரு உண்மையால் நடக்க வேண்டிய கல்யாணம். அந்த ஒன்றையும் வாயால் சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் எனக்குச் சோறு இறங்கவில்லை. உங்கள் படத்துக்கு முன்னால் நின்று, ஒரு சொல், ஒரே ஒரு சொல் சொல்லிவிட்டுப் போயிருக்கலாமே என்று உங்களை ஏசினேன்.

அவர்கள் வந்தார்கள். நிரோஷன், தகப்பன், சாந்தினி. லிப்ட் ஒன்று பழுது, நெடுநேரம் கீழே நின்று களைத்துப் போய் வந்திருந்தார்கள். சாந்தினி வாசலில் குனிந்து ஒரு சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே, "அக்கா" என்றாள். என்ன சொல்லப்போகிறேன் என்று அந்த நிமிடம் வரைக்கும் எனக்கே தெரியாது.

"வாங்கோ மச்சாள்" என்றேன்.

அவள் மற்றச் சப்பாத்தோடு அப்படியே நின்றாள். புருஷனின் மச்சாள் எனக்குத் தங்கச்சி. புருஷனின் தங்கச்சிதான் எனக்கு மச்சாள். அவளுக்கு அந்தக் கணக்குத் தெரியாமல் இல்லை. கூப்பிட்டாயிற்று, இனி மாற்ற முடியாது. அவளுடைய கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய், தோய்க்காமல் திரும்பத் தொங்கவிட்டிருந்த இந்தச் சீலைக்கு முன்னால் விட்டேன்.

"உங்கட அப்பா மோசம்போன மாதம் இந்த வீட்டில விளக்கு எரியேல்லை. முப்பத்தொரு நாளும் சீலை மூடித்தான் கிடந்தது. முப்பத்தொண்டு அண்டைக்கு மாமி மஞ்சள் தண்ணி தெளிச்சவ. இது அந்தக் கறை."

சாந்தினி குனிந்து அதைத் தொட்டுப் பார்த்தாள். "எங்களோட சேந்து துடக்குக் காக்க ஒரு சனம் இல்லை, அநாதையாப் போறார் எண்டு அம்மா அந்த மாதம் முழுக்கச் சொல்லிச் சொல்லி அழுதவ" என்றாள். "ஏன் அப்பிடிச் சொல்லுறா எண்டு எனக்கு அப்ப விளங்கேல்லை மச்சாள்."

தாய்க்கு எல்லாம் முந்தியே தெரிந்திருக்கிறது. வேறு ஒன்றும் நான் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. மொன்றியலுக்குப் போன் எடுத்து, தாயிடம் இரண்டு வசனம் சொல்லிவிட்டு, என் கையில் தந்தாள். ஆரணி அறைக் கதவைத் திறந்துகொண்டு வந்து நிரோஷனுக்குப் பக்கத்தில் நின்றாள்.

"ஆர் காத்தது?" என்றார் சாந்தினியின் தாய்.

"எங்கட மாமி."

"அவ ஏன் எனக்கு ஒரு சொல் சொல்லேல்லை?"

"எனக்கும் சொல்லேல்லை மாமி" என்றேன்.

சொன்ன பிறகுதான் என் வாயில் வந்தது என்னவென்று எனக்குக் கேட்டது. இந்த நாட்டில் எல்லோரும் அன்ரிதான். மாமி என்று நான் கூப்பிட்டது உங்களை மட்டும்தான். மாமாவின் சகோதரத்தைக் கட்டியவர் எனக்கு வேறு என்ன முறை? அந்தப் பக்கம் ஒரு விசும்பல் கேட்டது. பிறகு சிரிப்பும் அழுகையும் கலந்து ஒரு குரல்.

"முறை பிழை எண்டு நானாச் சொல்லேல்லை பிள்ளை. நீங்கள் தந்த முறையைத்தான் சொன்னனான். இப்ப வேற முறை தாறியளெண்டால், கலியாணத்துக்கு நாளைப் பாருங்கோ."

ஆரணிக்கு முழுவதும் விளங்கவில்லை. "அம்மா, ஸோ இப்ப ஓகேயா?" என்று கேட்டாள். ஓகே என்றேன்.

ஓகேதான். ஆனாலும் எனக்குப் பயம் விடவில்லை மாமி. மண்டபத்தில் யாராவது ஒருவர் பழைய வழியால் எண்ணிப் பார்க்கத்தான் போகிறார். தவம் அண்ணை அந்தப் பெட்டியை நிரப்புவாரா, வெறுமையாகவே விடுவாரா தெரியாது. நாகமுத்துவும் கதிரேசுவும் எந்த மரத்துக்குக் கீழே, யாருடைய சாட்சியில் தாலி கட்டினார்கள் என்பதும் இனித் தெரியப்போவதில்லை. நீங்கள் அதைத் தேடவில்லை. நடந்தது என்று எடுத்துக்கொண்டு, செய்ய வேண்டியதைச் செய்தீர்கள். மாமா சாகுமுன் உங்களிடம் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். அதைச் சொல்லாமல் வைத்திருந்ததற்கு எனக்கு உங்களில் கோபம். சொல்லாமலே அந்த மனிதருக்கு ஒரு மாதம் கொடுத்ததற்கு, என்ன சொல்வது, உங்கள் காலைப் பிடித்து அழ வேண்டும் போல இருக்கிறது.

கல்யாண வீட்டுக்குத் தோய்ப்பம் என்றுதான் இன்று சீலையைத் திரும்பவும் கழற்றினேன். கறை மருந்தை எடுத்த இடத்தில் வைத்துவிட்டேன். சீலையை இப்படியே திரும்பத் தொங்கவிடப் போகிறேன். மொன்றியல் மாமிக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. நேற்றும் போன் எடுத்து நாள் பார்த்தாச்சா என்று கேட்டார். நெடுங்காலம் இருக்கட்டும். ஆனால் அவருக்கு ஒன்று நடக்கும் நாளில், இந்தச் சீலையை நான் இழுத்து மூடுவேன். ஏன் விளக்கு இல்லை என்று யாராவது கேட்டால், புகை மணியைச் சாட்ட மாட்டேன். எங்கள் வீட்டில் துடக்கு என்று சொல்வேன்.